பரவலாக்கப்பட்ட சமூக மென்பொருளின் வரலாறு: யூஸ்நெட் முதல் மாஸ்டடான் வரை

முன்னுரை

2019ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் யாஹூ நிறுவனம் தன் குழுச்சேவையில் உறுப்பினர்கள் சேர்த்து வைத்திருந்த மடல்கள், கோப்புகள், படங்கள் ஆகியவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. முதலில் அவ்வாண்டு டிசம்பர் வரையிலும், பின்னர் 2020 ஜனவரி 31 வரையிலும் தவணை தரப்பட்டது. 2020 டிசம்பர் 15ஆம் நாள் அச்சேவை முற்றாக மூடப்பட்டது.

தமிழுக்கு இது சிறு செய்தியன்று. வலைப்பதிவுகள் தோன்றுவதற்கு முன்பே இணையத்தில் தமிழ் இலக்கிய உரையாடல் செழித்த இடங்களுள் யாஹூ குழுக்கள் முதன்மையானவை. 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்', சுங்கைப் பட்டாணி டாக்டர் எஸ். ஜெயபாரதி நடத்திய 'அகத்தியர்' ஆகியன இங்கு நினைக்கத்தக்கவை. இத்தகைய குழுக்களில் பல்லாண்டுகளாக எழுதப்பட்டவற்றுள், யாரேனும் படியெடுத்து வைத்தவை மட்டுமே எஞ்சின. எழுதியவர்கள் தமிழர்கள், படித்தவர்களும் தமிழர்கள். ஆயினும் அவ்வெழுத்து எங்கே இருக்கவேண்டும், எவ்வளவு காலம் இருக்கவேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை அவர்களிடம் இல்லை.

இந்நிலைக்கு மாற்றாக, எந்தவொரு தனி நிறுவனத்தின் உடைமையாகவும் இல்லாத, பயனர்களே நடத்தும் உரையாடல் அமைப்புகளை உருவாக்கும் முயற்சி நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றின் முதன்மையான கட்டங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. பரவலாக்கம் என்பதைப் பலரும் தொழில்நுட்பச் சிக்கலாகவே கருதுகின்றனர். ஆனால், இவ்வமைப்புகள் தளர்ந்த இடங்களைக் கூர்ந்து நோக்கினால், நெறிமுறையைவிடப் பராமரிப்பே பெரிய சிக்கலாக இருந்துள்ளமை தெரியவரும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யூஸ்நெட்: நடுவம் இல்லாத முதல் கட்டமைப்பு

1979ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பட்ட மேற்படிப்பு மாணவர்களாக இருந்த டாம் டிரஸ்கட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும் கணினிகளுக்கிடையே செய்திகளைப் பரிமாறும் ஒரு வலைக்குத் திட்டமிட்டனர். அண்டையிலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மாணவர் ஸ்டீவ் பெலோவின் அதற்கான முதல் நிரலை எழுதினார். 1980இல் யூஸ்நெட் பொதுவில் அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இணைவதற்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையோடு தொடர்பு வேண்டியிருந்தது. அத்தொடர்பு இல்லாத கல்வி நிறுவனங்களுக்கு வேண்டியவை ஒரு யுனிக்ஸ் கணினியும், ஒரு மோடமும், ஒரு தொலைபேசி இணைப்புமே.

யூஸ்நெட்டின் செயல்முறை எளிமையானது. ஒவ்வொரு கணினியும் தனக்கு அண்மையிலுள்ள கணினியைத் தொலைபேசி வழியாக அழைத்து, அதனிடம் இல்லாத செய்திகளைக் கொடுத்துத் தன்னிடம் இல்லாதவற்றைப் பெற்றுக்கொள்ளும். ஒருவர் எழுதிய செய்தி இவ்வாறு கணினிக்குக் கணினி நகர்ந்து வலை முழுவதும் பரவும். தலைமைக் கணினி என்று ஒன்றும் இல்லை. ஒரு கணினி பழுதுற்றாலும் வலை நிற்பதில்லை.

எனினும், நடுவம் இல்லாத இவ்வமைப்பில் அதிகாரம் இல்லாமற் போகவில்லை. நெடுந்தொலைவு அழைப்புகளுக்கான கட்டணத்தை ஏற்றுக்கொள்ள இயன்ற சில பெரிய தளங்களே நாடு முழுவதும் செய்திகளைக் கொண்டுசென்றன. 'முதுகெலும்புத் தளங்கள்' என அழைக்கப்பட்ட அவற்றின் நிர்வாகிகள், எந்தக் குழுவைத் தம் கணினி வழியாக அனுப்புவது, எதனை மறுப்பது என்று முடிவு செய்யும் நிலையில் இருந்தனர். 1986-87ஆம் ஆண்டுகளில் குழுக்களின் பெயர்கள் அனைத்தும் மாற்றப்பட்டுக் கணினி, அறிவியல், சமூகம், பொழுதுபோக்கு முதலிய ஏழு பெரும் பிரிவுகளின்கீழ் அடுக்கப்பட்டன. இம்மாற்றத்தை வழிநடத்தியவர்கள் முதுகெலும்புத் தளங்களின் நிர்வாகிகளே. அவர்களுடைய ஒப்புதலைச் சார்ந்திராத 'ஆல்ட்' என்னும் மாற்றுப் பிரிவு 1987இல் தோன்றியது. செலவைச் சுமப்பவரிடமே முடிவெடுக்கும் ஆற்றல் சென்று சேர்கிறது என்பதையும், நெறிமுறை திறந்ததாக இருந்தால் அவ்வாற்றலைத் தவிர்த்துச் செல்லும் வழி பிறருக்கு உண்டு என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருசேரக் காட்டுகிறது.

1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் அலுவலகம் குடிநுழைவுச் சேவைக்கான தன் விளம்பரத்தை 5,000க்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே நேரத்தில் வெளியிட்டது. வேண்டாத செய்திகளின் பெருக்கம் இதிலிருந்து தொடங்கியது எனலாம். குழுக்களைத் தூய்மையாக வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது என்பது யூஸ்நெட்டில் வரையறுக்கப்படவில்லை. யாருக்கும் உரிமையில்லாத இடம் என்பது சிறிது சிறிதாக யாரும் பேணாத இடமாக மாறியது. யூஸ்நெட்டைத் தொடங்கிய டியூக் பல்கலைக்கழகமே 2010இல் தன் யூஸ்நெட் வழங்கியை நிறுத்திவிட்டது.

யூஸ்நெட்டின் தொடக்கக்காலச் செய்திகள் இன்றும் ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன என்றால், அதற்குக் காரணம் ஒரு தனிமனிதரின் முயற்சியே. டொரொண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கணினிகளைக் கவனித்துவந்த ஹென்ரி ஸ்பென்சர் 1981 முதல் தம் தளத்திற்கு வந்த செய்திகளைக் காந்தநாடாக்களில் சேமித்துவந்தார். அவ்வாறு சேர்ந்த 141 நாடாக்களிலிருந்து ஏறத்தாழ இருபது இலட்சம் செய்திகள் பின்னர் மீட்கப்பட்டன. எவரும் அவரிடம் இப்பணியை ஒப்படைக்கவில்லை. வரலாறு தற்செயலாகக் காப்பாற்றப்பட்டதற்கு இது சான்றாகும்.

ஃபிடோநெட்: வீட்டுக் கணினிகளின் கூட்டமைப்பு

யூஸ்நெட் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் சார்ந்தது. 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட், தனியார் தம் வீட்டுக் கணினியில் நடத்திவந்த அறிவிப்புப் பலகைகளை இணைத்தது. இரவில் தொலைபேசிக் கட்டணம் குறைவு. ஆதலால், குறிப்பிட்ட இரவு நேரத்தில் மட்டும் கணினிகள் ஒன்றையொன்று அழைத்து மடல்களைப் பரிமாறிக்கொள்ளும். ஒரு வட்டாரத்திற்குரிய மடல்கள் அனைத்தையும் ஒரு கணினி ஒரே நெடுந்தொலைவு அழைப்பில் பெற்று, உள்ளூர் அழைப்பின் மூலம் ஏனையவற்றிற்குப் பகிர்ந்தளிக்கும். இவ்வாறு செலவு பங்கிடப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் இவ்வலை 30,000க்கும் மேற்பட்ட கணுக்களைக் கொண்டிருந்தது.

இவ்வமைப்பு இயங்குவதற்கு எல்லாக் கணுக்களின் தொலைபேசி எண்களும் அடங்கிய பட்டியல் ஒன்று வாரந்தோறும் வெளியிடப்பட்டது. எண் தவறாக இருந்தால், தொடர்பில்லாத ஒருவரின் வீட்டுத் தொலைபேசி நள்ளிரவில் ஒலிக்கும். எனவே, பட்டியலைத் தொகுப்பதும் திருத்துவதும் இன்றியமையாத பணியாயின. அப்பணிக்கென வட்டாரம், மண்டலம் எனப் படிநிலையில் ஒருங்கிணைப்பாளர்கள் அமைந்தனர். முழுமையாகப் பரவலாக்கப்பட்ட ஒரு வலையின் நடுவே நிர்வாகப் படிநிலை ஒன்று தேவையின் காரணமாகவே முளைத்தது. அந்நிர்வாகம் யாருக்குப் பொறுப்புடையது என்னும் வினா 1980களின் பிற்பகுதியில் கடும் பூசல்களுக்கு வித்திட்டது. பின்னர் இணைய இணைப்பு மலிவானபோது ஃபிடோநெட் மெல்லச் சுருங்கியது.

கோஃபரும் வையவிரிவலையும்

நெறிமுறையின் உரிமை எத்துணை முக்கியமானது என்பதை 1993ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகள் விளக்குகின்றன. மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட கோஃபர் என்னும் தகவல் அமைப்பு அப்போது விரைந்து பரவிவந்தது. 1993இன் தொடக்கத்தில் அப்பல்கலைக்கழகம் தன் கோஃபர் வழங்கி மென்பொருளின் சிலவகைப் பயன்பாட்டிற்குக் கட்டணம் விதிக்கப்போவதாக அறிவித்தது. தொகை எவ்வளவு என்பதைவிட, நாளை என்ன நேருமோ என்னும் ஐயமே பயனர்களைத் தயங்கச் செய்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வையவிரிவலை மென்பொருளை ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் எவ்விதக் கட்டணமும் உரிமைக்கோரிக்கையும் இன்றிப் பொதுப் பயன்பாட்டிற்கு வழங்கியது. கோஃபர் தளர்ந்தது, வையவிரிவலை வளர்ந்தது. வரைபட உலாவிகளின் வருகையும் இதற்குக் காரணமே. எனினும், யாரிடமும் அனுமதி பெறாமல் எவரும் ஓர் அகப்பக்கத்தை நிறுவலாம் என்னும் உறுதியே திறந்த வலையின் அடித்தளமாயிற்று.

தமிழ் இணையமும் குறியேற்றத் தரமும்

தமிழர்கள் இத்திறந்த வலைக்குள் நுழைந்தபோது அவர்களுக்கெனத் தனியான தடை ஒன்று இருந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் கவிதைகள் இணையத்தில் ஏறின. லோசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் 'மயிலை' எழுத்துரு, கோலாலம்பூரில் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' எனக் கருவிகள் பல தோன்றின. ஆனால், ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதிய மடலை அதே எழுத்துரு இல்லாதவர் படிக்க இயலாது. நெறிமுறை உலகுக்குப் பொதுவாக இருந்தும், எழுத்து நிலையில் தமிழர்கள் தனித்தனித் தீவுகளாகவே இருந்தனர்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் நடைபெற்ற 'தமிழ்நெட் 97' மாநாட்டில் இச்சிக்கல் விவாதிக்கப்பட்டது. அதன்பின் பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் மடலாடற்குழு ஒன்றின் வழியாகக் கருத்துப் பரிமாறி, 'தகுதரம்' என்னும் குறியேற்றத்தை உருவாக்கினர். இக்குழுவில் பேராசிரியர்களும் பொறியாளர்களும் தொழில்முனைவோரும் ஒரே நிலையில் வாதிட்டனர். ஒரு குறிக்கு எந்த இடம் என்பது பற்றி நெடிய விவாதங்கள் நிகழ்ந்தன. அரசு எதுவும் அதனை ஆணையிடவில்லை. தமிழக அரசு 1999இல் 'தாம்', 'தாப்' என்னும் வேறு குறியேற்றங்களை அறிவித்தது. தரங்கள் ஒன்றுக்கு மேற்பட்டமையால் நேர்ந்த இடர்ப்பாடுகள் யுனிகோட் பரவலான பின்னரே தீர்ந்தன.

தகுதரம் இன்று நடைமுறையில் இல்லை. ஆயினும் அதன் குறியேற்ற அட்டவணை வெளிப்படையாக வெளியிடப்பட்டிருந்தது. ஆதலால், அதில் எழுதப்பட்டவற்றை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகளை எவரும் எழுத முடிந்தது. 1998 பொங்கல் நாளன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்த்த நூல்கள் தகுதர வடிவிலிருந்து யுனிகோடுக்கு மாறி இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அட்டவணை வெளியிடப்படாத எழுத்துருவில் உள்ள ஆவணங்களுக்கு அந்த எளிய வழி இல்லை. ஒரு தரம் வழக்கொழிந்த பின்னும் அதில் எழுதியவை பிழைத்திருக்க வேண்டுமாயின், அத்தரம் திறந்ததாக இருத்தல் வேண்டும்.

வலைப்பதிவும் விக்கியும்

2000களின் தொடக்கம் திறந்த வலையின் செழிப்புக் காலம். வலைப்பதிவுகளும் அவற்றில் வெளிவருவனவற்றைப் பிற இடங்களிலிருந்து படிக்க உதவும் செய்தியோடை நுட்பமும் பரவின. ஒரு பதிவை எந்நிறுவனத்தின் மென்பொருளில் எழுதினாலும், எந்தப் படிப்பானிலும் அதனைப் பெறலாம். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி இந்நுட்பத்தின்மேல் அமைந்ததே. தமிழகம், ஈழம், மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா, வட அமெரிக்கா என எங்கிருந்து எழுதினாலும் புதிய பதிவுகள் ஒரே பக்கத்தில் வரிசையாகத் தோன்றின. எழுத்து எழுதியவரின் பதிவிலேயே இருந்தது. திரட்டி வாசகரை அங்கே அழைத்துச் செல்லும் வழிகாட்டியாக மட்டும் நின்றது.

விக்கிப்பீடியாவின் வரலாறு வேறொரு பாடத்தைத் தருகிறது. அதன் உள்ளடக்கமும் மென்பொருளும் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிடப்படுகின்றன. முழுத் தரவையும் எவரும் பதிவிறக்கிக்கொள்ளலாம். 2002 பிப்ரவரியில், விளம்பரங்கள் இடம்பெறக்கூடும் என்னும் பேச்சு எழுந்தபோது, ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர்கள் பலர் தாம் எழுதியவற்றை எடுத்துக்கொண்டு பிரிந்து, செவீயா பல்கலைக்கழகத்தின் வழங்கியில் வேறொரு கலைக்களஞ்சியத்தை நிறுவினர். அப்பிரிவு நிலைத்து வளரவில்லை. எனினும் அதன் பின்னர் விக்கிப்பீடியாவில் விளம்பரம் இடம்பெறவும் இல்லை. எழுதியதை எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமை, வெளியேறாதவர்களின் குரலுக்கும் வலுச் சேர்க்கிறது. 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வுரிமையின் நிழலிலேயே வளர்ந்தது. 2005இல் தொடங்கிய ஈழத்து எண்ணிம நூலகமான 'நூலகம்' திட்டம் விக்கிப்பீடியாவின் அதே கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தித் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்ததும் குறிப்பிடத்தக்கது.

மூடிய தளங்களின் எழுச்சி

2004இல் தோன்றிய ஃபேஸ்புக்கும் 2006இல் தோன்றிய டுவிட்டரும் எழுதுவதையும் வாசிப்பதையும் நண்பர்களைக் கண்டடைவதையும் ஒரே இடத்தில் எளிதாக்கின. வலைப்பதிவு எழுதுவோர் அவற்றை நோக்கி நகர்ந்தது இயல்பே. அங்கே வழங்கியைப் பராமரிக்க வேண்டியதில்லை. வேண்டாத மறுமொழிகளை நாள்தோறும் களைய வேண்டியதில்லை. பராமரிப்புச் சுமையை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக உரையாடலின் உரிமை நிறுவனத்திடம் சென்றது.

திறந்த நெறிமுறைகளை ஆதரித்த பெருநிறுவனங்களும் காலப்போக்கில் பின்வாங்கின. கூகுள் நிறுவனத்தின் உடனடிச் செய்திச் சேவையான 'கூகுள் டாக்', எக்ஸ்எம்பிபி என்னும் திறந்த நெறிமுறையில் 2006 முதல் பிற வழங்கிகளோடும் உரையாட இடமளித்தது. 2013இல் அதற்குப் பதிலாக வந்த சேவை அவ்வாயிலை மூடியது. அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் 'கூகுள் ரீடர்' என்னும் செய்தியோடைப் படிப்பானும் நிறுத்தப்பட்டது. செய்தியோடை நுட்பம் யாருடைய உடைமையும் அன்று. ஆயினும் வாசகர்களில் பெரும்பகுதியினர் ஒரே படிப்பானைச் சார்ந்திருந்தமையால், அது மூடப்பட்டபோது திறந்த நுட்பமும் பெரிதும் தளர்ந்தது. நெறிமுறை திறந்திருந்தாலும் பயன்பாடு ஓரிடத்தில் குவிந்தால் பரவலாக்கம் பெயரளவிலேயே நிற்கும் என்பது இதனால் பெறப்படும்.

மீண்டும் கூட்டமைப்பு

மூடிய தளங்கள் வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே மாற்று முயற்சிகளும் தொடங்கின. 2008 ஜூலையில் கனடாவின் மொன்றியல் நகரில் இவான் புரோட்ரொமு 'ஐடென்டிகா' என்னும் குறும்பதிவுச் சேவையைத் தொடங்கினார். அதன் மென்பொருளை எவரும் தம் வழங்கியில் நிறுவிப் பிற வழங்கிகளில் உள்ளோரைப் பின்தொடரலாம். 2010இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் நால்வர் 'டயஸ்போரா' என்னும் திட்டத்தை அறிவித்துப் பொதுமக்களிடம் 10,000 டாலர் கேட்டனர். ஏறத்தாழ 200,000 டாலர் சேர்ந்தது. அத்தொகையும் அதனோடு வந்த எதிர்பார்ப்பும் ஓர் இளைஞர் குழு தாங்கக்கூடிய அளவை மீறியன. 2012 ஆகஸ்டில் அத்திட்டம் பயனர் சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இம்முயற்சிகள் தனித்தனி நெறிமுறைகளைப் பயன்படுத்தியமையால் ஒன்றோடொன்று முழுமையாகப் பேச இயலவில்லை. இக்குறையைப் போக்க, வையவிரிவலைக் கூட்டமைப்பு 2014இல் சமூக வலைக்கான பணிக்குழுவை அமைத்தது. கிறிஸ்டின் லெம்மர்-வெப்பர், ஜெசிக்கா டாலன், புரோட்ரொமு முதலியோரின் உழைப்பில் உருவான 'ஆக்டிவிட்டிபப்' என்னும் நெறிமுறை 2018 ஜனவரி 23ஆம் நாள் தரமாக ஏற்கப்பட்டது. மின்னஞ்சலை அறிந்தவர்க்கு அதன் அடிப்படை எளிதில் விளங்கும். ஒவ்வொருவர்க்கும் உள்வரும் பெட்டி ஒன்றும் வெளிச்செல்லும் பெட்டி ஒன்றும் உண்டு. ஒருவர் எழுதியது அவரைப் பின்தொடர்பவர்களின் உள்வரும் பெட்டிகளுக்கு வழங்கி விட்டு வழங்கி சென்று சேரும். குறும்பதிவு, ஒளிப்படம், காணொளி என வகை எதுவாயினும் முறை ஒன்றே.

ஜெர்மனியைச் சேர்ந்த யூஜென் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மாஸ்டடான் என்னும் மென்பொருள் இந்நெறிமுறையைப் பரவலாக அறியச் செய்தது. 2022 அக்டோபர் இறுதியில் டுவிட்டர் நிறுவனம் ஈலோன் மஸ்க்கின் கைக்கு மாறியபோது இலட்சக்கணக்கானோர் மாஸ்டடானில் இணைந்தனர். அவ்வாண்டு இறுதிக்குள் திங்கள்தோறும் பயன்படுத்துவோர் இருபது இலட்சத்தைக் கடந்தனர். அவர்களுள் பலர் பின்னர் நீங்கினர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆளுகையும் பராமரிப்பும்

மாஸ்டடானின் வரலாற்றில் நம் கவனத்திற்குரியது அதன் ஆளுகையே. ஒவ்வொரு வழங்கிக்கும் தனி விதிகளும் தனி மட்டுறுத்தர்களும் உண்டு. ஒரு வழங்கி பிறிதொரு வழங்கியோடு தொடர்பைத் துண்டிக்கலாம். 2019இல் வெறுப்புப் பேச்சுக்கு இடமளித்ததாகக் கண்டிக்கப்பட்ட 'காப்' என்னும் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியது. கட்டற்ற மென்பொருள் ஆதலால் யாரும் அதனைத் தடுக்க இயலவில்லை. ஆனால், பல வழங்கிகள் தத்தம் முடிவின்படி அதனோடு தொடர்பை மறுத்தன. எழுத உரிமை உண்டு. பிறர் கேட்டே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. யூஸ்நெட்டில் வரையறுக்கப்படாமல் விடப்பட்ட பொறுப்பு இங்கே ஒவ்வொரு வழங்கியின் வாயிலிலும் வைக்கப்பட்டது.

அப்பொறுப்பு இலகுவானதன்று. வழங்கிகளில் பல ஒருவராலோ இருவராலோ ஓய்வு நேரத்தில் நடத்தப்பட்டன. நிர்வாகி நோயுற்றாலோ, குடும்பச் சூழல் மாறினாலோ, தொல்லைகளால் மனம் சலித்தாலோ ஆயிரக்கணக்கானோரின் இருப்பிடம் மறையும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் இக்காரணங்களால் சில பெரிய வழங்கிகள் மூடப்பட்டன. மாஸ்டடான் 2019 முதல் கணக்கை வேறு வழங்கிக்கு மாற்ற வழிசெய்திருந்தது. பின்தொடர்பவர்கள் உடன் வருவர், எழுதியவை வாரா. பெருநிறுவனம் மூடும்போது நேரும் இழப்பு, சிறு வழங்கி மூடும்போதும் நேரலாம். யாஹூவின் வீழ்ச்சியைச் சுட்டிக்காட்டிப் பரவலாக்கத்தைப் போற்றுவோர் இவ்வுண்மையை ஒதுக்கிவிடுதல் கூடாது.

இதனை உணர்ந்தே மாஸ்டடான் திட்டம் 2019இல் ஓர் உடன்படிக்கையை வகுத்தது. தன் அதிகாரப் பட்டியலில் இடம்பெற விரும்பும் வழங்கிகள் நான்கு உறுதிகளை அளிக்க வேண்டும். இனவெறி முதலிய வெறுப்புகளுக்கு எதிராக முனைந்து மட்டுறுத்த வேண்டும். நாள்தோறும் காப்புப்படி எடுக்க வேண்டும். நெருக்கடியில் வழங்கியை அணுகும் வசதி இன்னும் ஒருவரிடமேனும் இருக்க வேண்டும். மூடுவதாயின் மூன்று மாதம் முன்னரே அறிவிக்க வேண்டும். இந்நான்கில் ஒன்றுகூட நெறிமுறையைப் பற்றியதன்று என்பது நோக்கத்தக்கது. அனைத்தும் பராமரிப்பைப் பற்றியவையே. ஹென்ரி ஸ்பென்சர் ஒருவரின் பழக்கமாக இருந்தது இங்கே பொது விதியாகியது.

குவிதல் என்னும் பழைய சிக்கலும் தீர்ந்தபாடில்லை. எந்த வழங்கியில் சேர்வது என்று புதியவர்கள் குழம்புவதைக் கண்ட மாஸ்டடான் திட்டம், 2023 மே மாதம் தான் நடத்தும் வழங்கியையே புதியவர்களுக்கு முதல் தெரிவாகக் காட்டத் தொடங்கியது. எளிமைக்காகச் செய்யப்பட்ட இம்மாற்றம் பரவலாக்கத்தைக் குறைக்கும் என்று பலர் வாதிட்டனர். 2023 டிசம்பரில் மேட்டா நிறுவனத்தின் 'திரெட்ஸ்' ஆக்டிவிட்டிபப் வழியாகப் பதிவுகளைப் பகிரும் சோதனையைத் தொடங்கியபோது, வரவேற்பதா மறுப்பதா என்பதில் வழங்கிகள் இரு அணியாயின. கூகுள் டாக் பட்ட பாட்டை நினைவுகூர்ந்தவர்களின் அச்சம் அடிப்படையற்றதன்று. 2025 ஜனவரியில் ரோச்கோ மாஸ்டடானின் உடைமையை ஆதாய நோக்கற்ற அமைப்பு ஒன்றிடம் மாற்றப்போவதாக அறிவித்தார். தொடக்குநர் ஒருவரையே ஒரு பொதுச்சொத்து சார்ந்திருத்தல் தகாது என்னும் தெளிவு இதில் வெளிப்படுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, திறந்த நெறிமுறையும் திறந்த தரமும் பரவலாக்கத்தின் முதற்படி. கோஃபரின் தளர்ச்சியும் தகுதர ஆவணங்களின் மீட்சியும் இதற்குச் சான்றுகள். இரண்டாவது, எழுதியதை எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமை இல்லாவிடில் திறந்த நெறிமுறை முழுப்பயன் தராது. மூன்றாவது, பராமரிப்புக்கு ஒழுங்கான ஏற்பாடு இல்லாவிடில் முன்னைய இரண்டும் நிலைக்கமாட்டா. முதலிரண்டையும் மென்பொருள் வல்லுநர்கள் அமைத்துத் தரலாம். மூன்றாவது, பயன்படுத்தும் சமூகமே செய்ய வேண்டிய பணி. ஏரியின் கரையையும் மதகையும் ஊரார் கூடிப் பேணியதைக் குடிமராமத்து என்றனர். இணையத்தில் பொது இடங்கள் நிலைக்க வேண்டுமாயின் அத்தகைய ஏற்பாடு ஒன்று அவற்றிற்கும் வேண்டும்.

இவ்வரலாற்றில் பல்கலைக்கழகங்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுவதைக் காணலாம். யூஸ்நெட் பிறந்ததும், அதன் நாடாக்கள் காக்கப்பட்டதும், ஸ்பானியக் கலைக்களஞ்சியம் தஞ்சம் புகுந்ததும் பல்கலைக்கழகங்களிலேயே. அவற்றுக்குத் தனிமனிதரைவிட நீண்ட ஆயுளும் வணிக நிறுவனத்திற்கு இல்லாத நோக்கமும் உண்டு. தமிழ்த் துறைகளும் ஆசிரியர் சங்கங்களும் இங்கே ஒரு கடமையை ஏற்கலாம். இணையத்தில் எழுதப்படும் தமிழை, எழுதியவரின் இசைவோடு திறந்த வடிவில் காப்புப்படி எடுத்து வைத்தல். அப்பணியை ஒருவரின் ஆர்வத்திற்கு விட்டுவிடாமல் துறையின் பொறுப்பாக முறைவைத்து நடத்துதல். மாணவர்க்கு அதில் பயிற்சி அளித்தல் ஆகியன பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை.

ஓலைச்சுவடிகள் ஏடு பெயர்த்து எழுதப்பட்டதனால் நம்மை வந்தடைந்தன. பழைய ஏடு செல்லரிப்பதற்குள் புதிய ஏட்டில் எழுதும் பணியை ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஏற்றனர். இணைய எழுத்துக்கும் இந்நிலை பொருந்தும். யாஹூ குழுக்களில் மறைந்தவற்றை முழுமையாக மீட்க இயலாது. இப்பொழுது எழுதப்படுவனவற்றுக்கு அந்நிலை நேராமல் காப்பது நம் தலைமுறையின் பணியாகும்.